சாட்சியின் தர்மம்

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருகிறவர் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியில் மூன்று பகுதிகள் உண்டு. உண்மையைச் சொல்வேன் என்பது முதற்பகுதி. முழு உண்மையையும் சொல்வேன் என்பது இரண்டாவது. உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டேன் என்பது மூன்றாவது. 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டம் இதனை இறைவன் பெயரால் சொல்லவும் இடம் தருகிறது. இறைவன் பெயரைக் குறிப்பிடாமல் மனமார உறுதி கூறவும் இடம் தருகிறது. எவ்விதமாகச் சொன்னாலும் அந்த மூன்று பகுதிகளும் மாறுவதில்லை.

ஒரே கருத்தை மூன்று முறை அடுக்கியிருப்பதாக மேலோட்டமாகத் தோன்றும். சற்று நின்று பார்த்தால் அதன் பொருள் விளங்கும். பொய் ஒருவன் நாவில் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது: இல்லாததைச் சொல்வதால், உள்ளதை மறைப்பதால், உள்ளதோடு இல்லாததைச் சிறிது கலப்பதால். முதல் வகைப் பொய்க்கு அஞ்சுகிற நல்லவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். மற்ற இரண்டையும் பொய் என்றே கருதாத நல்லவர்கள் அவர்களைவிட மிகுதி.

சாதாரணக் குடிமக்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை. ஏறினாலும் ஒருமுறை, இருமுறை. காவல்துறை அதிகாரியின் நிலை வேறு. அவருக்குச் சாட்சி சொல்வது தொழிலின் ஓர் அங்கம். பணி ஓய்வு பெறுவதற்குள் நூற்றுக்கணக்கான முறை அந்த உறுதிமொழியை அவர் எடுத்துக்கொள்ள நேரும். அத்தனை முறை சொல்லப்படும் சொற்கள் தேய்ந்து ஓசையாக மட்டும் எஞ்சிவிடும் அபாயமும் அவருக்கே அதிகம். ஆகவேதான் அவர் முதன்முறை கூண்டில் ஏறும் நாள் கவனத்திற்குரியது. அன்று அவர் எப்படிப் பதில் சொல்கிறாரோ, அதுவே பிறகு வரும் ஆண்டுகளுக்கு வழக்கமாகி விடுகிறது.

அந்த முதல் நாளில் அவருக்குள் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்கிறது. அதுவரை கேள்வி கேட்பவர் அவர்; பதில் சொல்பவர்கள் மற்றவர்கள். காவல் நிலையத்தில் அவர் அமர்ந்திருக்க, எதிரே இருப்பவர் நின்றபடி பேசுவார். நீதிமன்றத்திலோ அவர் நிற்கிறார். நீதிபதிக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் கூண்டில் ஏறியதும், அந்தச் சீருடை அவருக்கு எவ்வித முன்னுரிமையும் தருவதில்லை. கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் அவரது ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நிறுத்திக் கேட்கிறார். 'தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்' என்கிறார். தாம் பிறரிடம் கேட்ட அதே தொனியில் ஒருவர் தம்மிடம் கேட்கும்போது ஏற்படும் கூச்சம், பயிற்சிக் கல்லூரியில் நடத்தும் மாதிரி நீதிமன்றங்களால் முழுவதும் நீங்கிவிடுவதில்லை.

காலத்தின் சிக்கலும் இதில் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றிற்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருக்கின்றன. ஒரு குற்றம் நடந்து, அது விசாரணைக்கு வந்து, அதிகாரியின் முறை வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுவது சாதாரணம். இதற்குள் அவர் இரண்டு மூன்று இடங்களுக்கு மாற்றப்பட்டிருப்பார். நூற்றுக்கணக்கான பிற வழக்குகள் அவர் கையில் வந்துபோயிருக்கும். பழைய இடத்திலிருந்து அழைப்பாணை வந்ததும், இரவுப் பயணம் செய்து வந்து, நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்து, பழைய தாள்களைப் புரட்டி நினைவைத் தூசி தட்டிக்கொள்கிறார்.

நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சம்பவம் நடந்த காலத்திலேயே தாம் எழுதிய குறிப்பைச் சாட்சி பார்த்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு கேட்டால் அக்குறிப்பை அவர்களுக்கும் காட்டவேண்டும். ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, நினைவுகூர்வது வேறு. தாளில் பார்த்ததைக் கண்ணால் பார்த்ததாகவே மனம் காட்டத் தொடங்கிவிடும். 'இது எனக்கு நினைவில் இல்லை, குறிப்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன்' என்று ஓர் இளம் அதிகாரி சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். கொள்ளைக்காரனைத் துரத்திப் பிடிக்கும் துணிச்சலைவிட இது அரிதானது என்றுகூடச் சொல்லலாம். ஏனெனில் அங்கே உடலுக்குத்தான் ஆபத்து. இங்கே ஆபத்து கௌரவத்துக்கு.

ஆனால் மறதியைவிடக் கடுமையான சோதனை ஒன்று இருக்கிறது. அதனை விளக்க ஒரு நிலையைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒரு சிற்றூரில் தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருத்தி கொள்ளையன் ஒருவனால் அடித்துக் கொல்லப்படுகிறாள். அவள் அணிந்திருந்த நான்கு தங்க வளையல்கள் காணாமற்போகின்றன. சில நாட்களில் ஒருவன் கைது செய்யப்படுகிறான். வளையல்களைத் தன் மாட்டுக்கொட்டகையில் புதைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறான். அவனை அழைத்துச் சென்று தோண்டுகிறார்கள், வளையல்கள் கிடைக்கின்றன. உடன் இருந்த இளம் உதவி ஆய்வாளர் அதைத் தம் கண்ணால் பார்க்கிறார். ஊரார் இருவரும் சாட்சிகளாக நின்று பார்க்கிறார்கள். பொருளைக் கைப்பற்றியதற்கான ஆவணத்தை, தெற்கில் மகஜர் என்றும் மேற்கில் பஞ்சநாமா என்றும் வழங்குவதை, அங்கேயே எழுதவேண்டும். ஆனால் அன்று மழை கொட்டுகிறது, கூட்டமும் கூடிவிட்டது. ஒரு துண்டுத்தாளில் குறிப்பெடுத்துக்கொண்டு நிலையத்திற்குத் திரும்புகிறார்கள். மாலையில் நிலைய எழுத்தர் அழகான கையெழுத்தில் மகஜரை எழுதுகிறார். சாட்சிகள் இருவரையும் வரவழைத்துக் கையொப்பம் வாங்குகிறார்கள். வழக்கமான சொற்றொடரின்படி, 'சம்பவ இடத்திலேயே எழுதிக் கையொப்பம் பெறப்பட்டது' என்று அதில் பதிவாகிவிடுகிறது. உதவி ஆய்வாளரும் கையொப்பமிடுகிறார். அன்று அது அவருக்கு உறுத்தவே இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து வழக்கு அமர்வு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. ஊர்ச்சாட்சிகளில் ஒருவர் பிறழ்ந்துவிட்டார். 'எனக்கு ஒன்றும் தெரியாது. நிலையத்திற்குக் கூப்பிட்டார்கள், கையெழுத்துப் போட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தது உதவி ஆய்வாளரின் முறை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன கேட்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். மூத்த அதிகாரி ஒருவர் அவரைத் தனியே அழைக்கிறார். "தம்பி, அங்கேயே எழுதியது என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி போதும். மற்றது எல்லாம் உண்மைதானே?" என்கிறார். "சரி ஐயா" என்பதற்கு மேல் அந்த இளைஞரால் எதுவும் சொல்ல முடியவில்லை. நீதிமன்ற அறையின் பின்வரிசையில் இறந்தவளின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் வந்துகொண்டிருக்கிறாள்.

இங்கே இலஞ்சம் இல்லை, பகை இல்லை, அப்பாவியைச் சிக்கவைக்கும் நோக்கமும் இல்லை. மூத்த அதிகாரி தீயவர் அல்லர்; ஒரு கொலையாளி தப்பிவிடக்கூடாது என்பதே அவருடைய கவலை. தோண்டியது உண்மை, கிடைத்தது உண்மை. எழுதிய இடம் மட்டும் மாறியிருக்கிறது. பெரிய உண்மை ஒன்றைக் காப்பதற்குச் சிறிய பொய் ஒன்று தேவைப்படுகிறது. அதைச் சொல்லலாமா?

இந்தச் சோதனை ஏன் குறிப்பாகக் காவல்துறை அதிகாரியை வாட்டுகிறது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. குற்றம் செய்ததாகக் கைதி தம்மிடம் ஒப்புக்கொண்டதை அவர் காதால் கேட்டிருக்கிறார். ஆகவே உள்ளத்தில் அவருக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த ஒப்புதலை அவர் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் காவல்துறை அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று தடுத்தது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் அத்தடையை அப்படியே வைத்திருக்கிறது. கைதி தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புடைய அளவுக்கு மட்டுமே அவன் சொன்னதை நிரூபிக்கலாம். வழக்கு முழுவதும் அந்த நான்கு வளையல்களின் மேல் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் இவ்வாறு காவல்துறையை நம்ப மறுத்தது வெறும் ஐயத்தினால் அன்று. அடித்தும் வதைத்தும் ஒப்புதல் பெற்ற காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அளித்த அறிக்கை அதற்கு ஒரு சான்று. முன்னோர் செய்த பிழையின் கடனை, அப்பிழையைச் செய்யாத பின்வந்தவர் சுமக்கிறார். இளம் அதிகாரிக்கு இது அநீதியாகத் தோன்றலாம். 'எனக்குத் தெரிந்ததைச் சொல்லவிடாமல் தடுக்கும் நீதிமன்றத்திற்கு, வேறொரு வழியில் அதே முடிவைச் சேர்ப்பித்தால் என்ன தவறு?' என்று மனம் கேட்கும். சாட்சியத்தைச் 'சற்றே மேம்படுத்தும்' பழக்கம் பிறப்பது இந்தக் கேள்வியில்தான். தெரிந்ததைச் சொல்லத் தடை இருப்பதால், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லத் தோன்றுகிறது.

சாட்சி என்ற சொல்லே இதற்கு ஒரு விடையை வைத்திருக்கிறது. கண்ணோடு கூடியவன், கண்ணால் நேரே கண்டவன் என்பது அதன் பொருள். வேதாந்த நூல்களில் இச்சொல் உள்ளத்தின் அசைவுகளை எல்லாம் பார்த்துக்கொண்டு, எதிலும் கலவாமல் நிற்கும் அறிவைக் குறிக்கும். அந்த உயர்ந்த பொருளை நீதிமன்றக் கூண்டில் தேடவேண்டியதில்லை. ஆனால் ஓர் ஒற்றுமையைக் காணாமல் இருக்கவும் முடியாது. காண்பவன் செய்பவனாக மாறிய கணத்தில் சாட்சித்தன்மை போய்விடுகிறது. வழக்கின் முடிவு இப்படித்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, அதற்கு ஏற்பச் சொற்களை அமைக்கிற அதிகாரி கூண்டில் நின்றபடியே நீதிபதியின் இருக்கையில் ஏறிவிடுகிறார். தீர்ப்பை அவர் எழுதிவிட்டார்; நீதிபதி கையெழுத்திட வேண்டியது மட்டுமே பாக்கி.

இதற்கு மறுப்பாக மகாபாரதத்திலிருந்தே ஒரு கதையைக் காட்டுவோர் உண்டு. எந்நிலையிலும் உண்மையே சொல்வேன் என்று விரதம் பூண்டிருந்த கௌசிகர் என்னும் தவசியிடம், கொள்ளையரால் துரத்தப்பட்ட சிலர் எங்கே ஒளிந்தார்கள் என்று கொள்ளையர் கேட்கிறார்கள். அவர் வழியைச் சொல்லிவிடுகிறார். அந்த மக்கள் கொல்லப்படுகிறார்கள். தவசியோ நரகம் அடைகிறார். கர்ண பருவத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொல்லும் கதை இது. உயிர்களைக் காக்காத உண்மை உண்மையே அன்று என்றால், மூதாட்டியைக் கொன்றவன் தப்பிக்க வழிசெய்யும் உண்மையும் உண்மை ஆகாதே என்று வாதிடலாம்.

வாதம் வலிமையானதே, எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஆனால் கௌசிகரிடம் கேட்டவர்கள் கொள்ளையர்கள். உண்மையைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு இல்லை. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பேசுவேன் என்று அவர்களுக்கு அவர் வாக்குக் கொடுக்கவும் இல்லை. கூண்டில் நிற்கும் அதிகாரியிடம் கேட்பதோ நீதி வழங்க அமைக்கப்பட்ட மன்றம். முழு உண்மையையும் சொல்வதாக அவர் சற்றுமுன்தான் அந்த மன்றத்திற்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். தவிர, கௌசிகர் பொய் சொல்லியிருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும். யாரும் எதையும் இழந்திருக்கமாட்டார்கள். இங்கே சொல்லப்படும் பொய் ஒரு மனிதனின் விடுதலையை, ஒருவேளை உயிரையே, எடுத்துக்கொள்ளக் கூடியது. அவன் குற்றவாளியாகவே இருக்கலாம். குற்றவாளியையும் உண்மையைக் கொண்டுதான் தண்டிக்க வேண்டும்.

அதே காவியத்தில் நம் அதிகாரிக்கு இன்னும் நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. துரோணரை வீழ்த்த வேறு வழியில்லாத நிலையில், அசுவத்தாமன் என்ற பெயருடைய யானையைப் பீமன் கொல்கிறான். மகன் இறந்தான் என்ற செய்தியைத் துரோணர் பிறர் சொல்லி நம்பவில்லை, யுதிஷ்டிரரிடம் கேட்கிறார். மூன்று உலகங்கள் கிடைப்பதானாலும் அவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை. யுதிஷ்டிரர் அசுவத்தாமன் இறந்ததை உரக்கச் சொல்லி, யானை என்பதை யாருக்கும் கேளாதபடி சொல்கிறார். துரோணர் ஆயுதத்தை வைத்துவிடுகிறார். அதுவரை நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே ஓடிய யுதிஷ்டிரரின் தேர் அன்று மண்ணைத் தொட்டது என்கிறது கதை.

தேர் இறங்கியதைப் பலரும் அறிவர். அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது வேறொன்று. அந்தப் பொய் பலித்ததற்குக் காரணம் யுதிஷ்டிரரின் வாய்மை. வாழ்நாளெல்லாம் சேர்த்த நம்பிக்கை என்னும் செல்வத்தை ஒரே சொல்லில் அவர் செலவழித்தார். பொய்யன் ஒருவன் அதைச் சொல்லியிருந்தால் துரோணர் சிரித்திருப்பார். போர் வென்றது, ஆனால் அந்த வெற்றியின் பின்னால் வந்ததோ தந்தையை இழந்த அசுவத்தாமனின் இரவுத் தாக்குதலும், திரௌபதியின் ஐந்து மைந்தர்களின் சாவும்.

காவல்துறை அதிகாரியின் சாட்சியத்திற்கும் அப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது. மனிதர் நேர்மையாக நடப்பவர் என்ற பொதுவான அனுமானம் காவல்துறை அதிகாரிக்கும் பொருந்தும், சீருடை அணிந்தவர் என்பதற்காகவே அவரை ஐயுறக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே கூறியது. அந்த நம்பிக்கையைச் சேர்த்தவர்கள், பெயர் தெரியாத எத்தனையோ நேர்மையான அதிகாரிகள். ஒருவர் சொல்லும் சிறு பொய் அவர்களுடைய சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. நாளை வேறோர் ஊரில் உண்மையே சொல்லும் ஓர் அதிகாரியை நீதிபதி நம்பாமல் போனால், அந்த இழப்பில் இவருக்கும் பங்கு உண்டு.

சிறு பொய்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நிஜமான ஒரு வழக்கு இருக்கிறது. 1981-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் இடம்பெற்றது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். தில்லியில் தண்ணீர் விற்றுப் பிழைத்த ஓர் ஏழையைக் காவல்துறையினர் தங்கள் வழக்குகளில் மீண்டும் மீண்டும் சாட்சியாக நிறுத்தி வந்தனர். எண்ணற்ற வழக்குகளில் அவர் 'நேரில் பார்த்தவர்'. இனி முடியாது என்று அவர் மறுக்கத் தொடங்கியதும், அவரை நகரைவிட்டே வெளியேற்ற நடவடிக்கை தொடங்கப்பட்டது. இந்த நிலை ஒரே நாளில் வந்திருக்காது. பஞ்சாயத்தாருக்கு நேரமில்லை, பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க்காரரைக் கூப்பிடலாம் என்று யாரோ ஒருவர் ஒருநாள் நினைத்ததில் அது தொடங்கியிருக்கவேண்டும். அன்றைய பொருளும் குற்றமும் ஒருவேளை உண்மையாகவே இருந்திருக்கும்.

மீண்டும் நம் நீதிமன்றத்திற்கு வருவோம். மூத்த அதிகாரி சொன்ன அந்த ஒரு வரியில் அவர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிறழ்ந்துபோன ஊர்ச்சாட்சி தோண்டியதைப் பார்க்கவில்லை என்று சொன்னது பொய். ஆனால் நிலையத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் சொன்னது உண்மை. அச்சத்தாலோ ஆசையாலோ பெரிய பொய் ஒன்றைச் சொன்ன அந்த மனிதரின் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. உதவி ஆய்வாளர் 'அங்கேயே எழுதினோம்' என்று சொன்னால், அந்த உண்மையைப் பொய்யாக்குகிறார். பொய்ச் சாட்சியம் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உண்மையைச் சொன்ன அந்த வாக்கியத்திற்காக ஒரு கிராமத்தவர் பொய்யராகிறார். பொய் சொன்ன வாக்கியத்திற்காக ஓர் அதிகாரி நம்பப்படுகிறார். யாரையும் பாதிக்காத சிறு பொய் என்று ஒன்று நீதிமன்றத்தில் கிடையாது. அது எப்போதும் யாரோ ஒருவரின் மேல் போய் விழுகிறது.

உண்மையைச் சொன்னால் வழக்கு என்னவாகும்? இதற்கு இனிமையான பதில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவது எளிது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, தம் கட்சிக்காரருக்குச் சாதகமான கணக்கு ஒன்றில் பிழை இருப்பதைக் கண்டார். அதை ஒப்புக்கொண்டால் முழு வழக்கும் பாழாகும் என்று மூத்த வழக்கறிஞர் தடுத்தார். காந்தியடிகள் கட்சிக்காரரின் சம்மதத்தோடு நீதிமன்றத்தில் பிழையை ஒப்புக்கொண்டார், வழக்கும் வென்றது. சத்திய சோதனையில் இந்நிகழ்ச்சி உள்ளது. ஆனால் எல்லா வழக்குகளும் அப்படி முடிவதில்லை. கட்சிக்காரர் தோல்விக்கும் உடன்பட்ட பிறகே காந்தியடிகள் எழுந்து பேசினார் என்பதைத்தான் அந்த நிகழ்ச்சியில் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்திய நீதிமன்றங்கள் ஒன்றில் தவறு கண்டால் அனைத்தையும் தள்ளிவிடுவதில்லை. உமியையும் மணியையும் பிரித்துப் பார்க்க முயல்கின்றன. புலனாய்வில் குறை இருந்தது என்ற ஒரே காரணத்தால் குற்றவாளியை விடுவிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் சொல்லியிருக்கிறது. ஆகவே உண்மை சொன்ன அதிகாரியின் வழக்கு நிற்கவும் கூடும். பொய் சொல்லிக் குறுக்கு விசாரணையில் பிடிபட்டாலோ, தோண்டியதைப் பார்த்தேன் என்ற உண்மையான வாக்கும் அதோடு சேர்ந்து அழியும். இவை எல்லாம் சரியான கணக்குகள்தாம். என்றாலும் இந்தக் கணக்கை நம்பி உண்மை சொல்கிறவர், கணக்கு மாறும் நாளில் பொய்யும் சொல்வார்.

கொலையாளி விடுதலை ஆகலாம் என்பதை மறைப்பதற்கில்லை. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். அவளிடம் தர்மத்தைப் பற்றிப் பேசும் தகுதி எவருக்கும் கிடையாது. அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். விடுதலையில் முடியும் வழக்குகளில் புலனாய்வு அதிகாரியின் தவறுகளை ஆராய்ந்து நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2014-ஆம் ஆண்டில் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அந்தக் கட்டளையின் நோக்கம் நல்லது. ஆனால் கூண்டில் நிற்கும் இளைஞருக்கு அது, உண்மைக்கு இன்னொரு விலை என்றே தோன்றும். அசோகச் சின்னத்தின் கீழே பொறிக்கப்பட்டிருக்கும் சொற்கள் முண்டக உபநிடதத்திலிருந்து வந்தவை. அந்த உபநிடதம் பேசுவது ஞானியர் செல்லும் பாதையைப் பற்றி. ஒரு குறிப்பிட்ட வழக்கின் தீர்ப்பைப் பற்றி அன்று.

உண்மையில், அன்று கூண்டில் எழும் இந்த இக்கட்டு ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளிலேயே தீர்ந்திருக்கக் கூடியது. 'கனமழை காரணமாகச் சம்பவ இடத்தில் குறிப்பு மட்டும் எடுக்கப்பட்டு, நிலையத்தில் மாலையில் எழுதப்பட்டது' என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அதை எழுதுவதற்குத் துணிச்சல்கூட வேண்டியிருந்திராது; அச்சடித்தாற்போன்ற பழைய சொற்றொடரை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கும் கவனம் வேண்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் சொல்லப்படும் பொய்களில் பெரும்பாலானவை கூண்டில் பிறப்பவை அல்ல, மேசையில் பிறந்தவை. இப்போது சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்று 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா விதிக்கிறது. நல்ல ஏற்பாடு. என்றாலும் கருவி காட்டுவது அதை எந்தப் பக்கம் திருப்பினார்களோ அந்தப் பக்கத்தை மட்டுமே. திருப்பும் கை மனிதருடையது.

குறுக்கு விசாரணை தொடங்கி, அந்தக் கேள்வி வந்தே விடுகிறது: மகஜர் எங்கே எழுதப்பட்டது? 'நிலையத்தில்' என்று உதவி ஆய்வாளர் சொல்வாரானால், அடுத்த கேள்வி சாட்டையைப்போல் வரும்: அப்படியானால் இந்த ஆவணம் பொய்தானே? அவசரப்படாதவருக்கு அதற்கும் உண்மையான பதில் ஒன்று உண்டு. எழுதிய இடத்தைப் பற்றிய வரி சரியன்று. அதன் கீழ் என் கையொப்பம் இருக்கிறது. வளையல்களைத் தோண்டி எடுத்ததை நான் நேரில் பார்த்தேன். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது முழு உண்மை ஆகாது. கேள்வி கேட்ட வழக்கறிஞர்மேல் சினம் கொள்ளவும் இடமில்லை. தம் கடமையை அவரும் செய்கிறார். கூண்டின் அருகே கைகட்டி நிற்கும் மனிதனுக்கு இந்த உலகில் அந்த அறையில் பேசுவதற்கு இருப்பவர் அவர் ஒருவரே.

விசாரணை முடிந்ததும் சாட்சியம் முழுவதையும் சாட்சிக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ உடனிருக்கும்போது அது நடக்கவேண்டும். தாம் சொன்னதற்கு மாறாக ஏதேனும் பதிவாகியிருந்தால் சாட்சி அதைச் சுட்டிக்காட்டலாம். நீதிபதி திருத்துவார், அல்லது சாட்சியின் ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்வார். நெரிசல் மிகுந்த நீதிமன்றங்களில் இது பெரும்பாலும் விரைந்து நடக்கும் சடங்கு. தட்டச்சர் தாளை நீட்டுவார். அதிகாரி பேனாவை எடுப்பார். வெளியே அடுத்த சாட்சியின் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். மழையால் அங்கே எழுத முடியவில்லை என்று தாம் சொன்ன காரணம் தாளில் இருக்கிறதா, 'கொட்டகையின் இடது மூலை' என்று சொன்னது வலது மூலை ஆகியிருக்கிறதா, நினைவில்லை என்று சொன்ன இடத்தில் இல்லை என்று பதிவாகியிருக்கிறதா என்று நிதானமாகப் படித்துப் பார்க்க அப்போது அவருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள்தான் இருக்கும். அந்தத் தாளின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையொப்பம் இடவேண்டும்.